நகர்பேசி வலையமைப்பு இயக்கப் பயிற்சி

நகர்பேசி வலையமைப்பு இயக்கப் பயிற்சி என்பது, நகர்பேசி (செல்லிடத் தொலைபேசி) வலையமைப்புகளைத் திட்டமிடவும், நிறுவவும், இடையறாது இயக்கவும், பழுது நீக்கவும் தேவையான அறிவையும் திறனையும் பணியாளர்களுக்கு அளிக்கும் தொழில்முறைக் கல்வி ஆகும். மின்னணுவியல், மின்பொறியியல், கணினியியல் போன்ற துறைகளில் படித்தவர்கள் பணியில் சேர்ந்த பின்னர் இப்பயிற்சியைப் பெறுவது வழக்கம். கல்லூரிப் பாடம் வானொலி அலைகளின் இயல்பையும் பண்பேற்றத்தின் கணிதத்தையும் கற்பிக்கிறது. பல கோடிப் பேர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஒரு வலையமைப்பை நிறுத்தாமலேயே எவ்வாறு மாற்றியமைப்பது என்பதைப் பணிப் பயிற்சியே கற்பிக்கிறது.

பின்னணி

செல் அமைப்பின் அடிப்படைக் கருத்து, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1947 இல் டக்ளஸ் ரிங் எழுதிய குறிப்பொன்றில் காணப்படுகிறது. நகரம் முழுவதற்கும் ஒரே உயர்திறன் பரப்பியை வைப்பதற்குப் பதிலாக, நகரைச் சிறு செல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்த திறனுள்ள பரப்பியை அமைத்தால், அதே அலைவரிசைகளைச் சற்றுத் தொலைவிலுள்ள செல்களில் மீண்டும் பயன்படுத்தலாம் என்பதே அக்கருத்து.

வணிக அடிப்படையிலான முதல் செல் வலையமைப்பை 1979 இல் சப்பானின் என்டிடி நிறுவனம் டோக்கியோவில் தொடங்கியது. எண்முறைத் தொழில்நுட்பமான ஜிஎஸ்எம் 1991 இல் பின்லாந்தில் பயன்பாட்டுக்கு வந்தது. தொடர்ந்து 2001 இல் சப்பானில் 3ஜி, 2009 இல் ஸ்டாக்ஹோம், ஒசுலோ நகரங்களில் 4ஜி, 2019 இல் தென் கொரியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் 5ஜி எனப் புதிய தலைமுறைகள் அறிமுகமாயின. இந்தியாவில் 1995 சூலை 31 அன்று, அன்றைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து தில்லியிலிருந்த நடுவண் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே முதல் நகர்பேசி அழைப்பாகக் கருதப்படுகிறது.

ஒவ்வொரு தலைமுறையும் பணியாளர்களை மீண்டும் மாணவர்களாக்கியது. 2ஜி வலையமைப்பில் பேச்சு, தொலைபேசி இணைப்பகங்களின் வழியே தனித் தடத்தில் சென்றது. 4ஜி வலையமைப்பில் அத்தகைய தடம் இல்லை. பேச்சும் இணையத் தரவைப் போலப் பொதிகளாகவே செல்கிறது. இதனால் தொலைபேசி இணைப்பகங்களில் பழகியவர்கள் இணைய நெறிமுறைகளைக் கற்கவேண்டியதாயிற்று. கணினி வலையமைப்புத் துறையிலிருந்து வந்தவர்களோ, அவசர அழைப்பு ஒருபோதும் தவறக்கூடாது என்னும் தொலைபேசித் துறையின் ஒழுங்கைக் கற்கவேண்டியதாயிற்று.

பயிற்சி அளிப்போர்

கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள், சேவை வழங்கும் நிறுவனங்கள், அரசுப் பயிற்சி மையங்கள், தனியார் பயிற்சி நிலையங்கள் ஆகியவை இப்பயிற்சியை அளிக்கின்றன. இந்தியாவில் ஜபல்பூரிலுள்ள தொலைத்தொடர்புப் பயிற்சி நிறுவனம் 1942 இல் தொடங்கப்பட்டது. காசியாபாத்திலுள்ள உயர்நிலைத் தொலைத்தொடர்புப் பயிற்சி மையம் 1975 இல் நிறுவப்பட்டது.

கருவி தயாரிப்பாளர் தரும் பயிற்சி பெரும்பாலும் அந்நிறுவனத்தின் கருவிகளையும் கட்டளைகளையும் மையமாகக் கொண்டது. கருவி மாறினால் அவ்வறிவின் ஒரு பகுதி பயனற்றுப்போகும். எனவே 1998 இல் உருவாக்கப்பட்ட 3ஜிபிபி என்னும் கூட்டமைப்பின் பொதுத் தரநிலைகளை முதலில் கற்று, அதன் பின்னர் தனிப்பட்ட கருவிகளைக் கற்பது நீண்ட காலம் பயன் தரும். 2025 இல் பிஎஸ்என்எல் நிறுவனம் உள்நாட்டுத் தயாரிப்புகளால் அமைந்த 4ஜி வலையமைப்பை அறிமுகப்படுத்தியது. தயாரிப்பாளர் மாறும் இத்தகைய வேளைகளில் அடிப்படை அறிவின் பயன் தெளிவாகத் தெரியும்.

பாடப் பொருள்

வானொலிப் பகுதி

நகர்பேசிக்கும் தள நிலையத்துக்கும் இடையிலுள்ள பகுதி இது. மாணவர் முதலில் பழகவேண்டியது டெசிபெல் கணக்கு. 3 டெசிபெல் குறைந்தால் திறன் ஏறத்தாழப் பாதியாகும். 10 டெசிபெல் குறைந்தால் பத்தில் ஒன்றாகும். ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட அளவையில், 20 வாட் திறனுள்ள பரப்பி 43 என்றும், நகர்பேசியை வந்தடையும் நலிந்த குறிகை கழித்தல் 100 என்றும் குறிக்கப்படும். அதாவது, அனுப்பிய திறனில் இரண்டு கோடி கோடியில் ஒரு பங்கே பயனரை வந்தடைகிறது.

அடுத்தது கைமாற்றம். பேசிக்கொண்டே பயணம் செய்பவரின் அழைப்பு, ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு அறுபடாமல் மாற்றப்படுவதே கைமாற்றம் எனப்படும். ஜிஎஸ்எம் அமைப்பில் நகர்பேசி ஏறத்தாழ அரை வினாடிக்கு ஒருமுறை, அண்டை செல்களுள் வலிமை மிக்க ஆறின் அளவீடுகளை வலையமைப்புக்கு அனுப்பும். எந்தெந்த செல்களை அளக்கவேண்டும் என்பது அண்டை செல் பட்டியலில் இருக்கும். அப்பட்டியலில் ஒரு செல் விடுபட்டிருந்தால், அதன் கோபுரம் கண்முன்னே நின்றாலும் அழைப்பு அங்கு மாறாது. சிறிது நேரத்தில் துண்டிக்கப்படும். இத்தகைய பிழைகளைக் கண்டறிய, அளவீட்டுக் கருவிகளை ஊர்தியில் ஏற்றிச் சாலைதோறும் சென்று பதிவு செய்யும் டிரைவ் டெஸ்ட் என்னும் சோதனை கற்பிக்கப்படுகிறது. 4ஜி முதலான அமைப்புகளில் இப்பட்டியலை வலையமைப்பே உருவாக்கிக்கொள்ள முடியும். எனினும், அது உருவாக்கிய பட்டியல் சரியானதா என ஆராயும் திறன் பணியாளருக்கு இன்றும் தேவை.

கொள்ளளவுக் கணக்கு

எத்தனை பேருக்கு எத்தனை தடங்கள் வேண்டும் என்பதைக் கணக்கிடும் முறையை, கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டென்மார்க் கணிதவியலாளர் ஏ. கே. எர்லாங் 1917 இல் வெளியிட்டார். பேச்சுப் போக்குவரத்தின் அலகு அவர் பெயராலேயே எர்லாங் எனப்படுகிறது. ஒரு தடம் ஒரு மணி நேரம் முழுவதும் பயன்பாட்டில் இருந்தால் அது ஓர் எர்லாங் ஆகும்.

எடுத்துக்காட்டாக, நூற்றுக்கு இரண்டு அழைப்புகள் மட்டுமே தடம் கிடைக்காமல் போகலாம் எனக் கொண்டால், 7 பேச்சுத் தடங்கள் உள்ள செல் 2.94 எர்லாங் போக்குவரத்தைத் தாங்கும். நெரிசல் மிக்க மணியில் ஒவ்வொருவரும் ஒன்றரை நிமிடம் பேசுவதாகக் கொண்டால், இது ஏறத்தாழ 117 பேருக்குப் போதுமானது. தடங்களை 14 ஆக்கினால் 8.20 எர்லாங், அதாவது 328 பேருக்குப் போதும். தடங்கள் இரண்டு மடங்கானால், பயனர் எண்ணிக்கை இரண்டே முக்கால் மடங்குக்கும் மேலாகிறது. பலர் பகிர்ந்துகொள்ளும் பெரிய தொகுதி, சிறு தொகுதிகளை விடச் சிக்கனமானது என்னும் இவ்விதி, அலைக்கற்றையை எவ்வாறு பங்கிடுவது என்பதற்கும் அடிப்படையாகும்.

களப்பணியும் பாதுகாப்பும்

கோபுரத்தில் ஏறுவோருக்கான பயிற்சி தனி வகையைச் சார்ந்தது. இரு கொக்கிகள் கொண்ட பாதுகாப்புக் கச்சையில், ஒன்றை விடுவிக்கும்போது மற்றொன்று கட்டாயம் மாட்டப்பட்டிருக்கவேண்டும். ஆன்டெனாவுக்கு மிக அருகில் பணிபுரியும் முன்னர் அதன் திறனை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டும். மழை, இடி, பலத்த காற்று உள்ள வேளையில் ஏறக்கூடாது. சேவை தடைப்பட்டிருக்கும்போது விரைவாகச் சீர்செய்யுமாறு அழுத்தம் வரும். அவ்வேளையிலும் பாதுகாப்பற்ற பணியை மறுக்கும் துணிவு இப்பயிற்சியின் இன்றியமையாத பகுதியாகும்.

இயக்க மையம்

வலையமைப்பு இயக்க மையத்தில் பணியாளர்கள் முறைமாற்றி 24 மணி நேரமும் கண்காணிப்பில் ஈடுபடுகின்றனர். இங்கு தேவைப்படும் முதன்மைத் திறன், விளைவையும் காரணத்தையும் பிரித்தறிவதாகும். இருபது நிலையங்களை மையத்துடன் இணைக்கும் ஒரு கோபுரத்தில் மின்சாரம் நின்று மின்கலமும் தீர்ந்துவிட்டால், திரையில் இருபத்தொரு நிலையங்களின் எச்சரிக்கைகளும் ஒரே நேரத்தில் தோன்றும். பயிற்சி பெறாதவர் இருபத்தொரு பழுதுகளைத் தேடுவார். பயிற்சி பெற்றவர் அனைத்துக்கும் பொதுவான பாதையைத் தேடுவார்.

பெருந்தடைகளும் படிப்பினைகளும்

அண்மைக் காலப் பெருந்தடைகள் சில, கருவிப் பழுதால் அல்லாமல் வழக்கமான பராமரிப்புப் பணிகளிலிருந்தே தோன்றின. அவை பயிற்சி வகுப்புகளில் ஆராயத்தக்க எடுத்துக்காட்டுகள் ஆகும்.

2018 திசம்பர் 6 அன்று பிரித்தானியாவின் ஓ2, சப்பானின் சாப்ட்பேங்க் ஆகிய வலையமைப்புகளில் தரவுச் சேவை ஒரே நாளில் முடங்கியது. எரிக்சன் நிறுவன மென்பொருளிலிருந்த எண்முறைச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதே காரணம். முன்கூட்டியே அறியக்கூடிய ஒரு தேதியை எவரும் கண்காணிக்காததால் பல கோடிப் பேர் தொடர்பிழந்தனர்.

2022 சூலை 2 அன்று சப்பானின் கேடிடிஐ வலையமைப்பில் திசைவி (ரவுட்டர்) ஒன்றை மாற்றும் பணியின்போது பேச்சுச் சேவை சில நிமிடங்கள் தடைப்பட்டது. மாற்றத்தைத் திரும்பப் பெற்ற பின்னரும் சிக்கல் தீரவில்லை. தொடர்பிழந்த நகர்பேசிகள் அனைத்தும் மீண்டும் பதிவு செய்ய முயன்றதால் நெரிசல் பெருகியது. சேவை முழுமையாகச் சீராக 60 மணி நேரத்துக்கும் மேலாயிற்று. பழைய நிலைக்குத் திரும்பும் வழியை மட்டும் திட்டமிடுவது போதாது. திரும்பும்போது எழும் நெரிசலையும் திட்டமிடவேண்டும் என்பது இதன் படிப்பினை.

2022 சூலை 8 அன்று கனடாவின் ரோசர்ஸ் வலையமைப்பில், திசைவி ஒன்றின் அமைப்பிலிருந்து ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டது. அளவுக்கு மீறிய வழித்தடத் தகவல்கள் மையத் திசைவிகளை நிலைகுலையச் செய்தன. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் சேவை இழந்தனர். பொறியியலாளர்கள் கருவிகளை அணுகப் பயன்படுத்திய மேலாண்மை வலையமைப்பும் அதே மையத்தைச் சார்ந்திருந்ததால், பழுதைக் கண்டறிவதே கடினமாயிற்று. கோபுரங்கள் அலைபரப்பிக்கொண்டே இருந்ததால், பல நகர்பேசிகள் வேறு நிறுவனத்தின் வலையமைப்புக்கு மாறவில்லை. எனவே பலரால் அவசர எண்ணையும் அழைக்க இயலவில்லை.

இவற்றின் காரணமாக, மாற்றப் பணி மேற்கொள்வோருக்குச் சில நடைமுறைகள் வலியுறுத்தப்படுகின்றன. கட்டளைகளை மற்றொருவர் சரிபார்க்கவேண்டும். முதலில் சோதனைக் கூடத்திலும், பின்னர் சிறு பகுதியிலும் மாற்றத்தைச் செய்துபார்க்கவேண்டும். எந்நிலையில் பணியைக் கைவிடுவது என்பதை முன்னரே எழுதிவைக்கவேண்டும். தம் வலையமைப்பு முற்றிலும் செயலிழந்தாலும் பணியாளர்கள் ஒருவரோடொருவர் பேசத் தனி வழி இருக்கவேண்டும். இந்நடைமுறைகளை நூலறிவாக மட்டும் பெறுதல் போதாது. அவசரமும் தூக்கக் கலக்கமும் கூடும் நள்ளிரவுப் பணியிலும் கைவிடாதிருக்கும் அளவுக்கு, இவற்றை ஒத்திகை செய்து பழகவேண்டும்.