போன கேஸ் எங்கே போனது?

முன்பெல்லாம் ஃபிரிட்ஜ் குளிரவில்லையென்றால் மெக்கானிக்கை அழைப்போம். "கேஸ் போய்விட்டது" என்பார். புதிதாக நிரப்பி, காசு வாங்கிக்கொண்டு போவார். போன கேஸ் எங்கே போனது என்று நாம் கேட்டதில்லை.

அன்பர்களே, அது வானத்திற்குத்தான் போனது. அதன் பெயர் குளோரோஃபுளோரோகார்பன், சுருக்கமாக சி.எஃப்.சி. எளிதில் தீப்பிடிக்காது, நச்சுத்தன்மையும் குறைவு என்பதால் நம்பிப் பயன்படுத்தினோம். ஆனால் உயரே சென்று, சூரியனின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அது அழித்தது. படலம் மெலிந்தால் தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும், பயிர்களும் பாதிக்கப்படும்.

1974-இல் மொலினா, ரோலண்ட் என்னும் அறிவியலாளர்கள் எச்சரித்தார்கள். 1985-இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பது தெரியவந்தது. இரண்டே ஆண்டுகளில், 1987 செப்டம்பர் 16 அன்று, மான்ட்ரியல் நகரில் அரசுகள் உடன்படிக்கை செய்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது நீதி. அதிகம் கெடுத்தவை பணக்கார நாடுகள். ஆகவே அவை 1996-க்குள் சி.எஃப்.சி.யை நிறுத்த வேண்டும். வளரும் நாடுகளுக்கு 2010 வரை அவகாசம். ஆலைகளை மாற்றும் செலவுக்கு உதவ 1990-இல் பன்னாட்டு நிதி ஒன்றும் முடிவாயிற்று. அதன் பிறகே, 1992-இல், இந்தியா சேர்ந்தது. 2000-இல் நமது அரசு கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. 2008 ஆகஸ்டில், ஆஸ்துமா நோயாளிகளின் இன்ஹேலர்களுக்குத் தேவையானது தவிர, சி.எஃப்.சி. உற்பத்தி நின்றது. ஏழையின் மருந்தையும் மறக்கவில்லை. வீடுகளில் ஃபிரிட்ஜும் நின்றுபோகவில்லை.

1990-ஆம் ஆண்டு உலக அமைதி நாள் செய்தியிலேயே திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஓசோன் படலத்தின் அழிவைச் சுட்டிக்காட்டினார். 2008-இல் திருப்பீடமும் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது.

விதிகள் இப்படியே கடைப்பிடிக்கப்பட்டால், அண்டார்டிகாவின் மேல் ஓசோன் 2066 அளவில் பழைய நிலைக்குத் திரும்பும் என்று 2023-இல் ஐ.நா. அறிக்கை கூறியது. நம்மில் பலர் அன்று இருக்கமாட்டோம். இன்று நம்மிடம் மறைக்கல்வி கற்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

வேலை இன்னும் முடியவில்லை. பழைய ஏ.சி.களில் உள்ள ஆர்-22 வாயுவும் ஓசோனைக் கெடுப்பதே. அதையும் அரசு படிப்படியாகக் குறைத்து வருகிறது. அடுத்தமுறை மெக்கானிக் வரும்போது, "பழைய கேஸை வெளியே விட்டுவிடாதீர்கள், சிலிண்டரில் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வோம். நம் பங்கு இல்லத்து ஏ.சி.க்கும் இது பொருந்தும்.