எல்லைக் கல்லும் எடைக் கல்லும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து, களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் நுழைகிறது. இப்பகுதியில் வாழும் மக்களிற் பலர் தமிழையும் மலையாளத்தையும் ஒருங்கே பேசுவோர். எல்லைக்கு ஒருபுறம் விளையும் மரச்சீனியும் ஏத்தன் குலையும் மறுபுறத்துச் சந்தையில் விலை போகின்றன. ஒருபுறத்தில் குடியிருப்போர் மறுபுறத்தில் மீனும் காய்கறியும் வாங்கி வருகின்றனர். இத்தகைய ஊர்களில் ஓர் ஐயம் எழுவது இயல்பு: அடுத்த மாநிலத்துக் கடையில் எடை குறைந்தால் யாரிடம் சென்று முறையிடுவது? எல்லையைக் கடந்தவுடன் நம் உரிமையும் தேய்ந்துவிடுகிறதா?

தேய்வதில்லை என்பதே விடை. அதன் காரணத்தை அறிய, முதலில் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி திருத்தி அமைக்கப்பட்டன. அதுவரை திருவாங்கூர்-கொச்சி மாநிலத்தில் அடங்கியிருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதே 1956ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்தில், இந்தியா முழுவதற்கும் ஒரே எடையும் ஒரே அளவும் வேண்டுமென வகுத்த சட்டமும் பிறந்தது. எல்லைக் கல் மக்களைப் பிரித்த ஆண்டிலேயே எடைக் கல் அவர்களை ஒன்றாக்கியது என்று கூறலாம்.

அதற்கு முன்பு பலம், வீசை, மணங்கு, துலாம், ராத்தல் என எடைகள் பலவாக இருந்தன. நாழி, படி, மரக்கால், பறை என முகத்தல் அளவைகளும் பலவாக இருந்தன. ஒரே பெயர் கொண்ட அளவும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. அவ்வேறுபாட்டினால் ஊதியம் பெற்றவர் சிலர், இழந்தவரோ பலர். 1958ஆம் ஆண்டு அக்டோபர் முதல் கிலோகிராம் எடைகள் படிப்படியாகப் புழக்கத்திற்கு வந்தன. 1962 ஏப்ரல் முதல் கட்டாயமாயின. இன்று நடைமுறையில் உள்ள சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009இல் இயற்றப்பெற்று 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் அச்சட்டம் ஒன்றே.

ஒரு கிலோ என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? 1889 முதல் பாரிஸ் நகருக்கு அருகில் பேணப்பட்ட பிளாட்டின-இரிடிய உருளை ஒன்றே உலகின் கிலோவாக இருந்தது. அதன் 57ஆம் எண்ணுள்ள படி புதுடில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. 2019 மே 20 முதல், உருளையை விடுத்து, பிளாங்கின் மாறிலி எனப்படும் இயற்கையின் மாறா எண்ணைக் கொண்டு கிலோ வரையறுக்கப்படுகிறது. அந்த உயர்ந்த எடையோடு ஒப்பிட்டு மேற்கோள் எடைகளையும், அவற்றோடு ஒப்பிட்டு இரண்டாம் நிலை எடைகளையும், அவற்றோடு ஒப்பிட்டு ஆய்வாளரின் பணி எடைகளையும் சரிபார்க்கின்றனர். அப்பணி எடையோடு ஒப்பிடப்பட்டு முத்திரை பெறுவதே கடைக்காரரின் எடைக்கல். ஆகவே, கடைத் தராசில் உள்ள முத்திரை நெடுந்தொலைவு நீளும் ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி.

இனித் தராசின் தத்துவத்தைக் காண்போம். தட்டுத் தராசு ஒரு நெம்புகோல். நடுவில் தாங்குமுனை, இருபுறமும் சம நீளமுள்ள கைகள். இரு தட்டிலும் சம எடை இருந்தால் முள் நடுவில் நிற்கும். வள்ளுவர் சான்றோரின் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டியதும் இப்பண்பு பற்றியே. ஆனால், பொருள் வைக்கும் பக்கத்துக் கை நூற்றில் ஒரு பங்கு நீண்டிருந்தாலும், கிலோவுக்கு ஏறத்தாழ 10 கிராம் குறைந்துவிடும். இதனைக் கண்டுபிடிப்பது எளிது. பொருளையும் எடைக்கல்லையும் தட்டு மாற்றி வைக்கச் சொல்லுங்கள். முள் மீண்டும் நடுவில் நிற்குமாயின் கைகள் சமம். நில்லாதாயின் தராசில் குறை உண்டு.

இன்று பெரும்பாலான கடைகளில் இருப்பது மின்னணுத் தராசு. அதன் தட்டுக்குக் கீழே ஓர் உலோகக் கட்டை இருக்கிறது. பொருளை வைத்தவுடன் அக்கட்டை கண்ணுக்குப் புலனாகாத அளவில் வளைகிறது. அதன்மேல் ஒட்டப்பட்டுள்ள மெல்லிய உலோகப் பட்டைகளும் உடன் நீண்டு சுருங்க, அவற்றின் மின்தடை மாறுகிறது. அந்நுண்ணிய மாற்றத்தைப் பெருக்கி எண்ணாக மாற்றிக் காட்டுவதே இயந்திரத்தின் வேலை. எனவே, திரையில் ஒளிரும் எண் தானாகப் பிறந்த உண்மையன்று. சரிபார்த்த எடையைக் கொண்டு யாரோ ஒருவர் இயந்திரத்திற்குக் கற்பித்த பாடம். பாடம் பிழையாயின் எண்ணும் பிழையாகும்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. தட்டுத் தராசு ஒரு பொருளை மற்றொரு பொருளோடு ஒப்பிடுகிறது; மின்னணுத் தராசோ பூமி அப்பொருளை ஈர்க்கும் விசையை அளக்கிறது. அவ்விசை நிலநடுக்கோட்டின் அருகில் சற்றுக் குறைவு. துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல மிகுதி. டில்லியில் சரிசெய்த நுண்ணிய தராசை அப்படியே பாறசாலைக்குக் கொணர்ந்தால், 10 கிலோப் பொருளுக்கு ஏறத்தாழ 10 கிராம் குறைத்துக் காட்டும். ஆகையால் இயந்திரத்தைப் பயன்படுத்தும் இடத்திற்கேற்பச் சரிசெய்தல் வேண்டும். மின்னணுத் தராசு 12 மாதத்திற்கு ஒருமுறையும், எடைக்கற்களும் தட்டுத் தராசும் 24 மாதத்திற்கு ஒருமுறையும் மறு முத்திரை பெறவேண்டும் என்பது விதி.

நேயர்கள் கடையில் நோக்க வேண்டியவை சிலவே. தராசு ஆடாமல் சமதளத்தில் இருக்கிறதா? பொருள் வைக்குமுன் திரையில் சுழி காட்டுகிறதா? எண் வாங்குவோர் கண்ணுக்குத் தெரிகிறதா? கூடையின் அல்லது பெட்டியின் எடை கழிக்கப்பட்டதா? இயந்திரத்தில் ஆய்வாளரின் முத்திரையும், கடையில் யாவரும் காணும் இடத்தில் சரிபார்ப்புச் சான்றிதழும் உள்ளனவா? ஐயம் எழுந்தால், உறை பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைத் தட்டில் வையுங்கள். உறையின் எடையும் சேர்வதால் ஒரு கிலோவிற்குச் சற்று மிகையாகக் காட்டவேண்டும். பெட்ரோல் நிலையத்தில் ஐயம் எழுந்தால், அங்குள்ள 5 லிட்டர் முத்திரைப் பாத்திரத்தில் அளந்து காட்டுமாறு கேட்கலாம். பொட்டலப் பொருள்களில் நிகர எடையும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலையும் அச்சிட்டிருக்க வேண்டும். அவ்விலைக்கு மேல் வாங்க எம்மாநிலக் கடைக்கும் உரிமையில்லை.

இவை அற்ப விஷயங்கள் என்று எண்ணுதல் கூடாது. நாள்தோறும் ஒரு கிலோ மீன் வாங்கும் இல்லத்தில் 50 கிராம் குறைந்தால், மாதத்தில் ஒன்றரைக் கிலோ போய்விடும். நாட்கூலியில் வாழ்வோர்க்கு அது பெரும் இழப்பு.

முறையிடும் வழியை இனி அறிவோம். தராசின் மீது குற்றம் கூற வேண்டுமாயின், கடை இருக்கும் மாநிலத்து அதிகாரியையே நாடவேண்டும். களியக்காவிளைக் கடையெனில் தமிழ்நாட்டின் தொழிலாளர் துறை. பாறசாலைக் கடையெனில் கேரளத்தின் சட்டமுறை எடையளவுத் துறை. ஆனால், இழப்பீடு கோரும்போது நிலை வேறு. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி, எதிர்த்தரப்பினர் தொழில் செய்யும் மாவட்டத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த மாவட்டத்திலோதான் முறையிட வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமோ, முறையிடுபவர் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலும் வழக்கிட வழி செய்தது. ஆகவே, நாகர்கோயில் கடையில் பழுதான மின்விசிறி வாங்கிய நெய்யாற்றின்கரை வாசி, திருவனந்தபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். வழக்கறிஞர் கட்டாயமன்று. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையாயின் கட்டணமும் இல்லை. ஆனால், காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடவேண்டும். விலைச்சீட்டைப் பத்திரமாக வைத்திருத்தல் இன்றியமையாதது.

குலையையும் ரப்பர் ஷீட்டையும் விற்கும் சிறு உழவரைப் பற்றியும் ஒரு சொல். அவர் விற்பவராதலின் நுகர்வோர் ஆகார்; நுகர்வோர் ஆணையம் அவர்க்கு உதவாது. எனினும், எடையளவுச் சட்டம் அவரைக் கைவிடவில்லை. விற்கும்போது குறைத்துக் கொடுப்பது எவ்வாறு குற்றமோ, வாங்கும்போது வஞ்சனையால் மிகுதியாகப் பெறுவதும் அவ்வாறே குற்றம். வாங்குபவரின் தராசிலும் முத்திரை உண்டா என்று கேட்க அவர்க்கு முழு உரிமை உண்டு.

இறுதியாக மொழி. அயல் மாநிலத்தில் வாழும் தமிழர் பலர், அங்குள்ள மொழியில் எழுத இயலாமையால் வாய்மூடி இருந்துவிடுகின்றனர். அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு, குறை தீர்க்க வேண்டி அதிகாரிக்கு எழுதும் மனுவை, அம்மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் அளிக்க உரிமை தருகிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமோ, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்திற்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழில் எழுதலாம் எனவும், மறுமொழியும் தமிழிலேயே வரவேண்டும் எனவும் தெளிவாகக் கூறுகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். நாட்டின் எம்மூலையில் இருப்போரும் 1915 என்னும் தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்துத் தமிழிலேயே குறையைச் சொல்லலாம்.

மும்பையாயினும் பெங்களூராயினும் பாறசாலையாயினும் கிலோ ஒன்றே. அதைக் காக்கும் முத்திரையும் ஒன்றே. முத்திரையைக் காட்டுங்கள் என்று கேட்பது சண்டைக்கு அழைப்பதாகாது. நேர்மையான வணிகர் அதனை மகிழ்வோடு காட்டுவர். கேட்பவர் இருக்கும் சந்தையிலேதான் தராசின் முள் நேராக நிற்கும்.