படிமுறை மின்னோடி அச்சின் வலுக்குறைவு

படிமுறை மின்னோடி அச்சின் வலுக்குறைவு என்பது, சிஎன்சி எனப்படும் கணினிவழி எண்கட்டுப்பாட்டு இயந்திரத்தின் ஓர் அச்சு தன் சுமையை நகர்த்த இயலாமல் தயங்குதல், அதிர்தல் அல்லது படிகளைத் தவறவிடுதல் ஆகும். ஸ்டெப்பர் மோட்டார் எனப் பரவலாக அறியப்படும் படிமுறை மின்னோடிகளைக் கொண்டு, பட்டறைகளில் சொந்தமாக உருவாக்கப்படும் இயந்திரங்களில் இப்பழுதைக் காணலாம். மின்னோடியே கெட்டுவிட்டதாகக் கருதி அதை மாற்றுவோர் உளர். எனினும் இயக்கிச் சுற்று, இணைப்புக் கம்பி, மின்வழங்கி, திருகுத்தண்டு ஆகியவற்றுள் ஒன்றும் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

பின்னணி

கோயம்புத்தூர் வட்டாரத்துக்கு மின்னோடி புதியதன்று. ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்னோடியை 1937 இல் இங்கு உருவாக்கினர். சோமனூரில் விசைத்தறிகளை ஓட்டுவது தூண்டல் மின்னோடி ஆகும். சுமை கூடும்போது அது சற்றே வேகம் குறைந்து, கூடுதல் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும்.

படிமுறை மின்னோடியின் இயல்பு வேறு. இதன் மின்னோட்டம் இயக்கியில் முன்கூட்டியே வரையறுக்கப்படுகிறது. சுமை எல்லை மீறினால் இது வேகம் குறையாது, படி தவறும். நின்ற நிலையிலும் மின்னோட்டம் பாய்வதால் சூடாகும். எனவே, சூடு மட்டுமே பழுதின் அறிகுறியாகாது. திருப்பூரில் பயன்படும் கணினிவழி எம்பிராய்டரி இயந்திரங்களிலும், காலர் பின்னும் தட்டைப் பின்னல் இயந்திரங்களிலும் இவ்வகை மின்னோடிகள் இடம்பெறுகின்றன.

படி தவறுதல்

பொதுவான படிமுறை மின்னோடி ஒரு படிக்கு 1.8 பாகை திரும்பி, 200 படிகளில் ஒரு சுற்றை நிறைவு செய்கிறது. எளிய இயந்திரங்களில் தண்டு உண்மையில் திரும்பியதா என்பதை அறியும் உணரி இல்லை. படி தவறிய பின்னரும் கட்டுப்பாட்டகம் அடுத்த கட்டளையை அனுப்பிக்கொண்டே இருக்கும். இதனால் வெட்டப்படும் பொருள் முழுவதும் வீணாகலாம்.

பிழையின் அளவே காரணத்தைக் காட்டுவதும் உண்டு. சுருள்களின் காந்தப்புலம் நான்கு முழுப் படிகளுக்கு ஒருமுறை பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆகவே தவறிய தண்டு, 7.2 பாகையின் மடங்குகளிலேயே மீண்டும் நிலைகொள்ளும். ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் திருகுத்தண்டில் இது 0.16 மி.மீ. ஆகும். பிழை இம்மடங்குகளில் அமைந்தால் படி தவறியதாகக் கொள்ளலாம். ஒழுங்கின்றிச் சிறிது சிறிதாகக் கூடினால், தண்டிணைப்பியின் திருகு தளர்ந்திருக்க வாய்ப்புண்டு.

கண்டறியும் முறை

1. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அச்சை முழு நீளத்துக்கும் கையால் நகர்த்திப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் தண்டவாளமோ திருகுத்தண்டோ நேராக இல்லை எனலாம். தறிக்கூடத்தை ஒட்டிய பட்டறைகளில் பஞ்சுத்தூசி எண்ணெயுடன் கலந்து திருகில் படிந்து இறுக்கத்தை உண்டாக்கும்.

2. தண்டின் மீதும் இணைப்பியின் மீதும் சேர்த்து ஒரு கோடு வரைந்து இயக்கிப் பார்க்கலாம். கோடு விலகினால் இணைப்பி நழுவுகிறது.

3. பல்மானியால் இரு சுருள்களின் மின்தடையையும் அளக்க வேண்டும். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருத்தல் வேண்டும். ஒரு சுருள் அறுந்திருந்தால் தண்டு சுழலாமல் அதிரும்.

4. மின்சாரத்தை நிறுத்திய பின், இரு அச்சுகளின் மின்னோடிக் கம்பிகளை இயக்கிகளில் இடம்மாற்றலாம். பலவீனம் மற்ற அச்சுக்கு மாறினால் குறை இயக்கியிலோ அதன் அமைப்பிலோ உள்ளது. மாறாவிடில் மின்னோடி, கம்பி அல்லது பொறிப்பகுதியில் உள்ளது. மின்சாரம் பாயும்போது கம்பியைக் கழற்றினால் இயக்கி எரிந்துவிடக்கூடும்.

5. வேகத்தையும் முடுக்கத்தையும் பாதியாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். அப்போது பழுது மறைந்தால் முறுக்குவிசை போதாமையே காரணம் எனலாம்.

மின்னோட்டமும் மின்னழுத்தமும்

ஏ4988 வகை இயக்கியில் மின்னோட்ட எல்லை, ஒப்பு மின்னழுத்தத்தை உணர்தடையின் எட்டு மடங்கால் வகுக்கக் கிடைப்பதாகும். உணர்தடை 0.1 ஓம் எனில் 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட்டு தேவை. உணர்தடையின் அளவு பலகைக்குப் பலகை வேறுபடுவதால் அதைப் பார்த்த பின்பே கணக்கிட வேண்டும். மின்னோட்டத்தை மிகையாக வைத்தாலும் வலு குறையும். இயக்கி சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்வதே காரணம். சில நிமிடங்கள் நன்றாக ஓடிப் பின்னர் தளரும் அச்சில் இதனை முதலில் ஐயுற வேண்டும். வெப்பப் பரப்பியிலும் விசிறியிலும் படிந்த பஞ்சை நீக்குவதும் பயன் தரும்.

மெதுவாக இயங்கும்போது வலுவாகவும், விரைந்து இயங்கும்போது வலுவற்றும் இருந்தால் மின்னழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். சுருளின் தூண்டத்தால் மின்னோட்டம் உடனே உயர்வதில்லை. 12 வோல்ட்டுக்குப் பதிலாக 24 வோல்ட்டு அளித்தால் அது ஏறத்தாழ இருமடங்கு விரைவாக உயரும். இயக்கி மின்னோட்டத்தை வரையறுப்பதால் மின்னோடிக்குக் கேடில்லை. ஆனால் இயக்கியின் மின்னழுத்த எல்லையை மீறலாகாது. ஏ4988 இன் எல்லை 35 வோல்ட்டு ஆகும்.

பெரிய மின்னோடி

பெரிய மின்னோடியைப் பொருத்துவது எப்போதும் தீர்வாகாது. அதன் சுழலி கனமானது. தூண்டம் மிகுந்ததாகவும் இருக்கலாம். அத்தகைய மின்னோடி பழைய மின்வழங்கியிலேயே இயங்கும்போது, உயர்வேகத்தில் முன்னதைவிடக் குறைந்த வலுவையே தரக்கூடும். மேற்கண்ட சோதனைகள் அனைத்திலும் குறை காணப்படாத நிலையிலேயே மின்னோடியை மாற்றுவது பொருத்தமாகும்.