மெய்டன்ஹேர் பெரணி: ஈரக்காற்றின் செல்லம்

நர்சரியில் பச்சைப்பசேலென்று நின்ற மெய்டன்ஹேர் பெரணியை ஆசையாக வாங்கிவந்து, ஒரே மாதத்தில் சருகாக்கிவிட்டு, “எனக்குக் கைராசி இல்லை” என்று அலுத்துக்கொள்பவர்கள் பலர். குறை கைராசியில் இல்லை. இந்தச் செடியின் உடல்வாகு புரிந்தால் போதும்.

தொட்டிகளில் பரவலாக வளர்க்கப்படும் வகையின் பெயர் அடியாண்டம் ராடியானம். தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசிலில் தாவரங்களைச் சேகரித்த இத்தாலியர் ஜூசெப்பே ராடியின் பெயரை இதற்குச் சூட்டியிருக்கிறார்கள். தாயகத்தில் இது நிழலான ஓடைக்கரைகளிலும் நீர் கசியும் பாறை இடுக்குகளிலும் வளர்கிறது.

மின்னும் கருங்காம்பு, அதில் விசிறி வடிவில் சிற்றிலைகள். தண்ணீர் தெளித்தால் இலையில் ஒட்டாமல் முத்தாக உருண்டு விழும். ஆனால் இலை மிக மெல்லியது. வறண்ட காற்று பட்டால் அதிலுள்ள ஈரம் சீக்கிரம் போய்விடும். மொறுமொறுவென்று காய்ந்த இலை மீண்டும் துளிர்க்காது.

பெரணி பூக்காது, காய்க்காது. முதிர்ந்த சிற்றிலையைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பு ஆங்காங்கே உட்பக்கம் மடிந்து, பழுப்புத் திட்டுகளாகத் தெரியும். பூச்சி என்று பயந்து கிள்ளிவிடாதீர்கள். விதைக்குப் பதிலாக இனம் பெருக்கும் நுண்துகள்களான ஸ்போர்கள் அந்த மடிப்பில்தான் இருக்கின்றன. ஈரமண்ணில் விழும் ஸ்போர் முதலில் இதய வடிவச் சிறு பச்சைத் தகடாகிறது. அதில் உருவாகும் ஆணணு, நீர்ப்படலத்தில் நீந்திப் பெண்ணணுவைச் சேர்ந்தால்தான் புதுப் பெரணி முளைக்கும். பிறப்புக்கே தண்ணீர் வேண்டிய செடி இது.

வளர்ப்பு முறையும் இதையொட்டியதுதான். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. ஏசி காற்றும் மின்விசிறிக் காற்றும் நேராகப் படக்கூடாது. இலைமட்கு, தென்னை நார்க்கழிவு, கொஞ்சம் மணல் கலந்த மண் நல்லது. தொட்டியின் அடியில் துளை அவசியம். நீர் தேங்கினால் வேர் அழுகும். மேல்மண் காயத் தொடங்கும்போதே தண்ணீர் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் இலைநுனியைக் கருக்கும், மழைநீர் உத்தமம். மற்றச் செடிகளோடு நெருக்கமாக வைத்தால் சுற்றிலும் ஈரப்பதம் கூடும். வீட்டுக்காற்று மிகவும் வறண்டதென்றால் மூடிய கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கலாம். புகை மண்டிய லண்டனில் பெரணிகளைக் காப்பாற்ற மருத்துவர் நதானியேல் வார்டு 19ஆம் நூற்றாண்டில் கண்ட வழி அது.

செடி முழுவதும் காய்ந்துவிட்டதா? அவசரப்பட்டுக் குப்பையில் போடாதீர்கள். காய்ந்த காம்புகளை மண்மட்டத்தில் வெட்டிவிட்டு, மண்ணை ஈரமாகவே வைத்திருங்கள். உள்ளே இருக்கும் வேர்த்தண்டில் உயிர் இருந்தால் சில வாரங்களில் சுருள் தளிர்கள் எட்டிப்பார்க்கும். அதுவரை பொறுத்திருங்கள்.