பதினான்கு வயதை நெருங்கும் பிள்ளைகள்

2020 மார்ச்சில் கொரோனா தொற்றால் தமிழ்நாட்டின் பள்ளிகள் மூடப்பட்டன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்று திறந்தன. பன்னிரண்டாம் வகுப்பு தவிர மற்றவை மார்ச்சில் மறுபடி மூடல். உயர்வகுப்புகள் செப்டம்பர் 1 அன்றுதான் மீண்டும் தொடங்கின. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு நவம்பர் 1 வரை, அதாவது ஏறக்குறைய பத்தொன்பது மாதம், பள்ளியே இல்லை. தாம்பரத்தைச் சுற்றியுள்ள சேலையூரிலும் பம்மலிலும் பெருங்களத்தூரிலும் ஒண்டிக்குடித்தன வீடுகளில், அப்பாவின் ஒரே செல்போனை அக்காவும் தம்பியும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு அந்தக் காலம் கழிந்தது.

பள்ளி திறந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாகப் பெரியவர்கள் எண்ணிக்கொண்டோம். பொதுத்தேர்வு ரத்து, அனைவரும் தேர்ச்சி, விட்ட பாடத்தைப் பிடிக்க இல்லம் தேடிக் கல்வித் திட்டம். இவையெல்லாம் படிப்புக்கான ஏற்பாடுகள். பிள்ளைகளின் மனம் என்ன ஆனது என்று பார்க்க இந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். தற்கொலையால் இறந்த மாணவர்கள் 2019இல் 10,335 பேர், 2020இல் 12,526, 2021இல் 13,089. பள்ளிகள் முழுமையாக இயங்கிய பிறகாவது குறைந்ததா? 2022இல் 13,044, 2023இல் 13,892. அந்த 2022ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, 1,416 பேர். எந்த மரணத்துக்கும் ஒரே காரணம் இருப்பதில்லை. இத்தனையையும் கொரோனாவின் தலையில் கட்ட முடியாது. ஆனால் தொற்று வந்த ஆண்டில் ஏறிய எண்ணிக்கை தொற்று போன பின் இறங்கவில்லை. எனக்குப் பெரிய அச்சம் தருவது அதுதான்.

மரணக் கணக்கில் சேராத துன்பம் இதைவிடப் பல மடங்கு. பல நாடுகளின் 29 ஆய்வுகளில் இடம்பெற்ற ஏறத்தாழ 80,000 பிள்ளைகளின் தரவைத் தொகுத்து, 2021 ஆகஸ்டில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்ட கட்டுரையின்படி, தொற்றுக் காலத்தில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள், ஐந்தில் ஒருவருக்குப் பதற்றத்தின் அறிகுறிகள் இருந்தன. தொற்றுக்கு முந்தைய மதிப்பீடுகளைப் போல இது இரு மடங்கு.

பலர் கவனிக்கத் தவறுவது வயதை. மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு பதினான்கு வயதுக்குள்ளும் ஏறத்தாழ பாதி பதினெட்டுக்குள்ளும் தொடங்குகின்றன. அதிகம் பேருக்குத் தொடங்கும் வயது பதினான்கரை. 2020இல் எட்டு வயதாக இருந்த பிள்ளைக்கு 2026இல் பதினான்கு. நண்பர்களோடு சண்டை போட்டு, சமாதானமாகி, பழகக் கற்க வேண்டிய வயதில் வீட்டுக்குள் அடைந்திருந்தவர்கள் இப்போதுதான் அந்தக் கண்டத்துக்குள் நுழைகிறார்கள். கொரோனாவில் அப்பா அம்மா இருவரையும் இழந்த குழந்தைகளின் பேரில் தமிழ்நாடு அரசு ஐந்து லட்ச ரூபாய் வைப்புத்தொகை போட்டது. பதினெட்டு வயதில் கைக்கு வரும். அதுவரை அந்தப் பிள்ளை தூங்குகிறதா, சாப்பிடுகிறதா என்று யாராவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

பிள்ளையின் மனச்சோர்வு வீட்டில் நோயாகத் தெரிவதில்லை. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி. இரவு இரண்டு மணி வரை விழிப்பு. கிரிக்கெட் ஆடப் போய்க்கொண்டிருந்தவன் போவதை நிறுத்திவிடுகிறான். எரிந்து விழுகிறாள். நாம் சோம்பேறித்தனம் என்கிறோம், கொழுப்பு என்கிறோம், போனைப் பிடுங்கி வைக்கிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டியது இது. "நான் இல்லாமலே போயிடலாம்" என்று பிள்ளை சொன்னால் இரண்டு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, தனியாகவும் விடக்கூடாது. செத்துப்போகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டால்தான் பிள்ளை வாய் திறக்கும்.

மனநல மருத்துவமனை இருப்பதால் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசையாக்கி வைத்திருக்கும் நகரம் சென்னை. பெற்றோர் தயங்குவது புரிகிறது. ஆனால் தாம்பரத்துக்காரர்களுக்கு இதில் ஓர் அனுபவம் உண்டு. 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம் மருத்துவமனை, பின்னாளில் எச்.ஐ.வி. நோயாளிகளையும் ஏற்றது. 2004 ஏப்ரலில் நாட்டிலேயே முதன்முதலாக இலவசக் கூட்டுமருந்து தரத் தொடங்கிய எட்டு மையங்களில் அதுவும் ஒன்று. பேர் சொல்லக் கூசிய நோய்க்கு, பக்கத்திலேயே, காசில்லாமல் மருந்து கிடைத்ததும் மக்கள் வந்து வரிசையில் நின்றார்கள். மனநலத்துக்கு அப்படியொரு பக்கத்து வாசலை நாம் இன்னும் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை.

இருக்கும் வாசல்களையாவது தெரிந்துகொள்ள வேண்டும். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஏதாவது நடந்துவிட்டால் போலீஸ் கேஸாகும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகத் தாமதிப்பவர்கள் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக அல்ல, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அந்தத் தாமதம் உயிரைக் குடிக்கும்.

நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் ஒவ்வொரு கல்வி நிலையத்திலும், கோச்சிங் சென்டர் உட்பட, தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டிருக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலை வாங்குமுன், அந்த ஆலோசகர் யார், எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார், பிள்ளைகள் யாரையும் கேட்காமல் அங்கே போய்வர முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.