க்ராப் பண்ணாத முதலை

இந்த எபிசோடு ஒரு போட்டோவைப் பத்தி. நான் எடுத்தது, நானே கெடுத்தது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சிதம்பரத்துல இருந்து காட்டுமன்னார்கோயில் போற வழியில இருக்கிற குமராட்சிதான் ஊர். பக்கத்துல பழைய கொள்ளிடம். காலையில எதிர்க்கரையில ஒரு முதலை வாயைப் பிளந்துகிட்டு வெயில் காய்ஞ்சுது. க்ளிக். ஃப்ரேமோட இந்தப் பக்கம் ஒரு அக்கா துணி துவைச்சுகிட்டு இருந்தாங்க. அவங்களை க்ராப் பண்ணிட்டு இன்ஸ்டாவுல போட்டேன். "செம ப்ரோ, எந்தக் காடு?"ன்னு கமெண்ட் வந்துச்சு. பெருமையாத்தான் இருந்துச்சு.

மறுநாள் அந்த அக்காகிட்ட படத்தைக் காட்டினேன். "நான் எங்க தம்பி?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல.

அதுக்கப்புறம்தான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். இங்க இருக்கிறது நன்னீர்ல வாழுற சதுப்புநில முதலை. முதலையோட உடம்பு தனக்கு வேணுங்கிற சூட்டைத் தானா உண்டாக்கிக்காது, வெளியில இருந்துதான் எடுத்துக்கணும். அதுக்குத்தான் காலை வெயில்ல கரையேறுது. வாயைத் திறந்து வைக்கிறது கோபத்துல இல்ல, சூடு அளவுக்கு மேல ஏறாம பார்த்துக்கத்தான்.

சிக்கல் என்னன்னா, ஊர் ஜனம் குளிக்க, துவைக்க, மாடு கழுவ ஆத்துல இறங்குறதும் அதே நேரம்தான். கரையில படுத்திருக்கிற முதலை எல்லார் கண்ணுக்கும் தெரியும். நல்ல ஷாட்டுக்காக நாம கிட்டப் போனா அது தண்ணிக்குள்ள போயிடும். அப்புறம் அது எங்க இருக்குன்னு படித்துறையில நிக்கிறவங்களுக்குத் தெரியாது. முதலை கடிச்சு உயிர் போன ஊர்கள் இந்த ஆத்தோரம் இருக்கு. நமக்கு அது ஒரு ஃப்ரேம், அவங்களுக்கு அது உயிர் பிரச்சினை.

முதலையைக் கொல்லவும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கிற உயிரினம் அது. ஊருக்குள்ள வந்தா வனத்துறை பிடிச்சு, சிதம்பரம் பக்கம் இருக்கிற வக்காரமாரி ஏரியில விடுறாங்க. அந்த ஏரியில இருந்துதான் சிதம்பரத்துக்குக் குடிதண்ணி. அங்கேயும் மனுஷங்கதான்!

மனுஷன் இல்லாத இடம்தான் காடுன்னு நமக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்த மாதிரி க்ராப் பண்ண படங்கள்தானோன்னு தோணுது. மா. கிருஷ்ணன் (1912–1996) நம்ம ஊர் முன்னோடி, கறுப்பு வெள்ளையில யானைகளை அப்படி எடுத்தவர். அவரே வீட்டைச் சுத்தித் திரியிற காக்கா, அணில் பத்தியும் அதே அக்கறையோட எழுதினார். இயற்கை வாசப்படியிலேயே தொடங்குதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

ஊரை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி அக்காகிட்ட கேட்டுட்டு, முழுப் படத்தையும் திரும்பப் போட்டேன். முதலை, ஆறு, துவைக்கிற கல்லு, அக்கா. லொகேஷன் மட்டும் போடல, கூட்டம் சேரும். லைக் பாதிகூட வரல. "எந்தக் காடு?"ன்னு இந்தத் தடவை யாரும் கேக்கல. "அந்த அக்கா ஜாக்கிரதையா இருக்காங்களா?"ன்னு ஒருத்தர் கேட்டார்.

அடுத்த வாரம் பார்ப்போம்.