எரிந்து விழும் அப்பாக்கள்

பிரசவத்துக்குப் பின் தாய்க்கு வரும் மனச்சோர்வைப் பற்றி இப்போது ஓரளவு பேசத் தொடங்கிவிட்டோம். அதே நோய் அப்பாவுக்கும் வரும் என்றால் பலர் சிரிப்பார்கள். “பெத்தவ அவ, இவருக்கு என்ன வந்துச்சாம்?” என்று வீட்டுப் பெரியவர்களே கேட்பார்கள். கேட்கப்படுபவரும் அதற்கு ஆமாம் போட்டுவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2010இல் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. 43 ஆய்வுகள், 28,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள். மனைவி கருவுற்ற காலத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயது நிறைவது வரை அப்பாக்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. குழந்தையின் மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை அது நான்கில் ஒருவர் என்ற அளவுக்கு ஏறியது. அந்த மாதங்களைத் தனியாக அளந்த ஆய்வுகள் குறைவு. ஆகவே ‘நான்கில் ஒருவர்’ என்பதைக் கறாரான கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கவனிக்க வேண்டியது காலத்தை. குழந்தை பிறந்த கையோடு வருவதைவிட, ஊரார் பார்த்துவிட்டுப் போன பிறகே அதிகம் வருகிறது.

நம் வீடுகளில் அந்தக் காலத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும் பெண், தலைப்பிரசவம் ஆகி மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நாள் பார்த்துத்தான் புருஷன் வீடு திரும்புகிறாள். அதுவரை அவர் சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய்த் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, ஞாயிறு ராத்திரி திரும்பும் விருந்தாளி. பிள்ளையைத் தூக்கினால் “கழுத்தைப் பிடிங்க மாப்பிள்ளை” என்று நான்கு குரல்கள் வரும். பிறகு ஒருநாள் தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். குளிப்பாட்டிவிட்ட மாமியார் ஊருக்குப் போய்விடுகிறார். சிசேரியன் செலவுக்கு வாங்கிய கடனும் அடகில் இருக்கும் நகையும் அப்படியே நிற்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு அழும் பிள்ளையை என்ன செய்வதென்று இருவருக்குமே தெரியாது. காலையில் ஒருவர் வேலைக்குப் போயாக வேண்டும். ஆய்வுகள் காட்டும் அதே மாதங்களில்தான் நம் ஊர் அப்பா முதன்முதலாக முழுநேர அப்பா ஆகிறார். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று யாரும் நிரூபித்ததாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதங்களில் அவரை யாரும் கவனிப்பதில்லை என்பது நிச்சயம்.

காரணங்கள் பெரும்பாலும் நாம் அறிந்தவையே: தூக்கமின்மை, பணநெருக்கடி, தம்பதிக்குள் மனக்கசப்பு, முன்பே ஒருமுறை மனச்சோர்வு வந்திருப்பது. மனைவிக்கு மனச்சோர்வு இருந்தால் கணவருக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது. உடம்பிலும் மாற்றம் நடக்கிறது. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. அப்பா ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு இறங்கியிருந்தது. நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குறைவு. இது நோயல்ல, குழந்தை வளர்க்க உடம்பு செய்துகொள்ளும் தயாரிப்பு என்றே ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். பிள்ளை வளர்ப்பு பெண்ணின் உடம்புக்கு மட்டும் எழுதப்பட்டது என்று பேசுபவர்களுக்கு இதை எடுத்துக் காட்டலாம்.

ஆண்களிடம் இந்த நோய் வேறு முகம் காட்டுவதால் கண்டுபிடிப்பது கஷ்டம். அழமாட்டார். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவார். வேலை இல்லாவிட்டாலும் ஆபீஸிலேயே உட்கார்ந்திருப்பார். குடி கூடும். நெஞ்சு அடைக்கிறது, வயிறு எரிகிறது என்று டாக்டரிடம் போவார். இசிஜி எடுத்து, மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பிள்ளையைக் கையில் வாங்கினால் எதுவும் தோன்றவில்லை என்பதை மட்டும் எவரிடமும் சொல்லமாட்டார். மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் 1987இல் தாய்மார்களுக்காக உருவானது. அழுகையைப் பற்றியும் அதில் கேட்கப்படுவதால், ஆண்களுக்கு இன்னும் குறைந்த மதிப்பெண்ணிலேயே விழித்துக்கொள்ள வேண்டும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லின. புது அப்பா எல்லோருக்கும் களைப்பு இருக்கும். எரிச்சலும் வெறுமையும் தூக்கம் கிடைத்த நாளிலும் விலகாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்ப்பதே சரி.

ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வு மனைவி மேல் கை நீட்டுவதற்குச் சாக்கு ஆகாது. அடி விழும் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது அவளுடைய பாதுகாப்பை.

பிள்ளையையும் இது விடுவதில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரக் குடும்பங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2005இல் வந்தது. பிள்ளைக்கு எட்டு வாரம் ஆனபோது மனச்சோர்வில் இருந்த அப்பாக்களின் குழந்தைகளிடம், மூன்றரை வயதில் நடத்தைச் சிக்கல்கள் கூடுதலாகத் தெரிந்தன. ஆண் பிள்ளைகளிடம் அதிகம். மனச்சோர்வு அப்பாவின் உயிரைப் பறிக்கவும் கூடும். இந்தியாவில் 2022இல் பதிவான 1,70,924 தற்கொலைகளில் 70 சதவீதத்துக்கும் மேல் ஆண்கள். அதில் புது அப்பாக்கள் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்க்க அரசின் ஆண்டறிக்கையில் பட்டியல் கிடையாது.

நம் மருத்துவ அமைப்பில் அப்பாவுக்கு உள்ள வேலை, மருந்துச் சீட்டோடு கவுன்ட்டருக்கும் வார்டுக்கும் நடப்பது. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குத் துணையாகப் போவது பெரும்பாலும் பெண் உறவினர்தான். ஆனால் புதன்கிழமை தடுப்பூசி நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்து மரத்தடியைப் பாருங்கள். ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் என்று தாயையும் பிள்ளையையும் வண்டியில் கூட்டிவந்த ஆண்கள் போனைப் பார்த்தபடி நிற்கிறார்கள். அப்பாக்களுக்கென்று புதிதாக ஒரு திட்டமும் கட்டடமும் வேண்டியதில்லை. பிள்ளையின் எடையைக் குறிக்கும் செவிலியர் அவரையும் உள்ளே கூப்பிட்டு, “நீங்க தூங்குறீங்களா? மனசு எப்படி இருக்கு?” என்று கேட்டாலே பாதி வேலை நடக்கும்.

விடுப்பிலும் இதே குறைதான். 2017 சட்டத்திருத்தம் தாய்க்கு 26 வார விடுப்பைக் கட்டாயமாக்கியது. தனியார் நிறுவன அப்பாவுக்கு எந்தச் சட்டமும் இல்லை. முதலாளி மனசு வைத்தால் உண்டு. மத்திய அரசு ஊழியருக்கு முதல் இரண்டு குழந்தைகள் வரை 15 நாள். பலர் அதைப் பிரசவ வாரத்திலேயே, மாமியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீர்த்துவிடுகிறார்கள். பிள்ளை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. தாயும் பிள்ளையும் வீடு திரும்பும் வாரத்துக்கு அதை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஆலோசனையிலும், தேவைப்பட்டால் மாத்திரையிலும் குணமாகக்கூடிய நோய் இது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. சாவைப் பற்றிப் பேச்செடுத்தால் அவரைத் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அவர் போன் செய்ய மறுத்தால், அவருக்காக மனைவியோ தம்பியோ நண்பரோ 14416ஐ அழைத்து என்ன செய்யலாம் என்று கேட்கலாம்.